பூலில் முதல் வரிசைப் பெண்கள் ஆண்களுக்கு ஈடுகொடுக்க முடியுமா? தங்கச்சிமடத்துக் கேள்விக்கு ஒரு பதில்

தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அக்கா மகளுக்கு 13 வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவோடு ராமநாதபுரத்துக்குப் போய் ஒரு சென்டரில் நைன்பால் (டேபிளில் கோலால் பந்தைப் பாக்கெட்டில் போடுகிற பூல் ஆட்டத்தில், ஒன்பது பந்து வைத்து ஆடும் வகை) பழகுகிறாள். அங்கே வருகிற பையன்களில் பாதிப் பேரை ஜெயிக்கிறாள். வழக்கமாக ஆட வரும் ஒருவர், "எவ்வளவு பழகினாலும் பொம்பளப் புள்ள ஆம்பள லெவலுக்கு வராது, உடம்பு வாகு அப்படி" என்று அவள் காதுபடச் சொல்லியிருக்கிறார். உலகத்தின் முதல் வரிசைப் பெண்களாவது தொழில்முறை ஆண்களுக்கு ஈடுகொடுத்து ஆட முடியுமா என்று மாமா கேட்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஈடுகொடுக்க முடியுமா என்பது ஒன்று. முடியாமல் போகிற இடத்தில் உடம்புதான் காரணமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு எண்களோடு பதில் இருக்கிறது. இரண்டாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சென்டரில் பேசிய அந்த மனிதரும் அங்கேதான் சறுக்கியிருக்கிறார்.

நான் சிங்கப்பூரில் பூல் ஹால்களுக்கு டேபிள் பொருத்துவது, துணி மாற்றுவது, டேபிள் ஓரத்துக் குஷன் ரப்பர் ஒட்டுவது என்று பல வருஷம் வேலை பார்த்தவன். அங்கே லீக் ஆட்டங்கள் ஆடினேன், நடுவராகவும் நின்றேன். இப்போது கீழக்கரையில் இருந்துகொண்டு தொண்டி முதல் வாலிநோக்கம் வரை டேபிள் வேலைக்குப் போய் வருகிறேன். உடலியல் படித்தவன் இல்லை. தசையையும் நரம்பையும் பற்றி ஒரு மருத்துவர் மாதிரி பேசும் தகுதி எனக்குக் கிடையாது. பந்தும் துணியும் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும், பல தரத்து ஆட்டக்காரர்களைப் பக்கத்தில் நின்று பார்த்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

உறுதியானதிலிருந்து ஆரம்பிக்கலாம். தொழில்முறை ஆண்களைப் பெண்கள் ஜெயித்திருக்கிறார்கள், அதுவும் நேற்று இன்று இல்லை. நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த ஜீன் பலூகஸ் சிறுமியாக இருக்கும்போதே யு.எஸ். ஓபனில் ஆட ஆரம்பித்தவர். 1972ல் தொடங்கித் தொடர்ந்து பல வருஷம் பெண்கள் பட்டம் அவருடையதுதான். அப்புறம் ஆண்கள் ஆடும் போட்டிகளில் நுழைந்து, அன்றைக்குப் பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் சிலரை வீழ்த்தினார். 2008ல் உலக ஸ்ட்ரெயிட் பூல் போட்டியில் ஆஸ்திரியாவின் யாஸ்மின் ஊஷன் ஆண்கள் நிறைந்த பட்டியலில் அரையிறுதி வரை வந்தார். பூலுக்கு உறவான ஸ்நூக்கரில் 12 முறை உலக மகளிர் சாம்பியனான ரியான் எவன்ஸ், 2013ல் வூஷி கிளாசிக் தகுதிச் சுற்றில் தாய்லாந்தின் தெப்சையா உன்-நூவை 5-4 என்று வென்றார். 2015 உலக சாம்பியன்ஷிப் தகுதிச் சுற்றில், 1997ல் உலக சாம்பியனாக இருந்த கென் டோஹர்ட்டியிடம் 8-10 என்று தோற்றார். தோல்விதான். ஆனால் அந்த ஆட்டத்தில் அவரை யாரும் "வேறு லெவல்" என்று ஒதுக்கியிருக்க முடியாது.

இதே அளவுக்கு உறுதியான இன்னொன்றும் உண்டு, அதை மறைத்தால் அந்தப் பிள்ளைக்கு நான் நல்லது செய்தவன் ஆகமாட்டேன். ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடக்கூடிய பெரிய நைன்பால் பட்டம் எதையும் இன்றுவரை ஒரு பெண் வென்றதில்லை. யு.எஸ். ஓபன் போன்ற போட்டிகளில் பெண்கள் நுழையத் தடை கிடையாது. கட்டணம் கட்டி ஆடலாம், ஆடுகிறார்கள். சில சுற்றுகள் தாண்டுகிறார்கள். கடைசி எட்டுப் பேர், நான்கு பேர் என்று வரும்போது அவர்கள் பெயர் இருப்பதில்லை.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது? இங்கேதான் பூல் ஆட்டத்துக்கு ஒரு வசதி. ஃபார்கோ ரேட்டிங் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் உருவானது, இப்போது உலகம் முழுக்க நடக்கும் ஆட்டங்களின் முடிவுகளை எடுத்து ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கிறது. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று கிடையாது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல். இருவருக்கு நடுவில் 100 புள்ளி வித்தியாசம் இருந்தால், மேலே இருப்பவர் இரண்டு ராக் (பந்துகளை அடுக்கி வைத்ததற்கும், அதை ஆடி முடிக்கிற ஒரு சுற்றுக்கும் இந்தப் பெயர்தான்) ஜெயிக்கிற நேரத்தில் கீழே இருப்பவர் ஒரு ராக் ஜெயிப்பார் என்று அர்த்தம். ஃபெடோர் கோர்ஸ்ட், ஜோஷுவா ஃபில்லர் போன்ற உச்சத்து ஆண்கள் 840ஐத் தாண்டி நிற்கிறார்கள். சீனாவின் சென் சிமிங், தைவானின் சோ சியே-யூ போன்ற உச்சத்துப் பெண்கள் 800ஐ ஒட்டி நிற்கிறார்கள். ஏறத்தாழ 50 புள்ளி இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

50 புள்ளி என்றால் நூறு ராக் ஆடினால் அந்தப் பெண் 41 ஜெயிப்பார், ஆண் 59 ஜெயிப்பார். முதலில் 9 ராக் எடுப்பவர் வெற்றி என்ற ஆட்டத்தில் அவர் ஜெயிக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் கீழே வரும். நான்கு முறை மோதினால் ஒரு முறை உலகின் முதல் ஆண் தோற்றுப் போவார் என்று சொல்கிற கணக்கு இது. ஆனால் பட்டம் வேண்டுமென்றால் கடைசிச் சுற்றுகளில் அப்படிப்பட்ட நான்கு பேரை வரிசையாகத் தாண்ட வேண்டும். நான்கில் ஒன்றை நான்கு முறை பெருக்கிப் பாருங்கள், இருநூற்று ஐம்பதில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடும். பெண்கள் நல்ல ஆண்களை அடிக்கடி ஜெயிப்பதும், பட்டம் மட்டும் வராமல் இருப்பதும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும். இந்தக் கணக்கைப் போட்டால் இரண்டும் ஒரே விஷயம்தான் என்று புரியும். சின்ன இடைவெளி, நீண்ட போட்டியில் பெரிதாகிவிடுகிறது.

இதையே கீழ்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள். 700 என்பதே ஓர் ஊரில் யாரும் கிட்டப் போக முடியாத ஆட்டக்காரருடைய எண். 800ல் நிற்கும் பெண் அப்படிப்பட்டவரோடு 9 ராக் ஆடினால் பத்தில் ஒன்பது முறைக்கு மேல் ஜெயிப்பார். நம் கடற்கரையில் நான் டேபிள் போட்ட எந்தச் சென்டரிலும் 700 ஆடுகிற ஒருவரை நான் பார்த்ததில்லை. "ஆம்பள லெவல்" என்று அந்த மனிதர் சொன்னது எந்த ஆம்பளையை? உலகத்தில் நூறு இருநூறு பேரைத் தவிர மற்ற எல்லா ஆண்களையும்விட சென் சிமிங் நன்றாக ஆடுகிறார். அவர் லெவலுக்கு வர முடியாத கோடிக்கணக்கான ஆண்களில் அந்த மனிதரும் ஒருவர், நானும் ஒருவன்.

சரி, அந்த 50 புள்ளி எங்கிருந்து வருகிறது? உடம்பு என்ற பதிலில் உண்மை இருக்கிற இடத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். அது பிரேக், அதாவது அடுக்கிய பந்துகளைக் கலைக்கிற முதல் அடி. நைன்பாலில் முதல் அடியின் வேகம் பயன் தருகிறது. முதல்தர ஆண்கள் மணிக்கு 32 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் வெள்ளைப் பந்தை ராக்கில் மோதவிடுகிறார்கள். வேகம் கூடக் கூடப் பந்துகள் அதிகம் சிதறும், ஏதாவது ஒன்று பாக்கெட்டில் விழும் வாய்ப்பும் கூடும். தோளும் இடுப்பும் கால்களும் சேர்ந்து கொடுக்கிற வேகம் அது. சராசரி ஆணின் மேல் உடம்புக்கு அதில் அனுகூலம் இருக்கிறது என்பதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஜெயித்தவரே அடுத்த பிரேக்கும் அடிக்கிற முறையில் ஆடினால் அந்த அனுகூலம் இன்னும் பெருகும். கை நீளமும் ஓரளவு கணக்கில் வரும். தொழில்முறை டேபிளின் ஆடுகளம் 100 அங்குலத்துக்கு 50 அங்குலம். உயரமானவருக்கு எட்டுகிற பந்து குட்டையானவருக்கு எட்டாது, ரெஸ்ட் (கைக்குப் பதிலாகக் கியூவைத் தாங்குகிற கோல்) வைத்து ஆட வேண்டும். ரெஸ்ட் வைத்து ஆடுவது பழகிக்கொள்ளக்கூடிய வித்தை, ஆனாலும் கையை ஊன்றி ஆடுகிற துல்லியம் அதில் வராது.

ஊஷன் அரையிறுதி வரை வந்தது ஸ்ட்ரெயிட் பூலில் என்பதைக் கவனியுங்கள். அந்த ஆட்டத்தில் நைன்பால் மாதிரி ஓங்கி அடிக்கிற பிரேக் கிடையாது. ஒவ்வொரு பந்தாக எடுத்து, அடுத்த ராக்கைக் கலைக்க ஒரு பந்தைச் சரியான இடத்தில் விட்டுவைத்து, நூறு நூற்றைம்பது என்று தொடர்ந்து போடுகிற ஆட்டம். வேகத்தின் பங்கு குறைந்த இடத்தில் ஒரு பெண் அவ்வளவு மேலே வந்தார் என்பதை வைத்து, "பார்த்தீர்களா, எல்லாம் பிரேக்கில்தான்" என்று முடித்துவிடத் தோன்றும். நானும் அங்கேயே நிறுத்தியிருப்பேன், ஸ்நூக்கர் என்ற ஆட்டம் இல்லாமல் இருந்திருந்தால்.

ஸ்நூக்கரில் முதல் அடி மிக மெதுவான அடி. சிவப்புப் பந்துகளின் ஓரத்தைத் தொட்டுவிட்டு வெள்ளைப் பந்தைத் திரும்பத் தன் பக்கத்துக்கே கொண்டுவந்து நிறுத்துவார்கள். ராக்கை உடைக்க பலம் தேவையே இல்லை. உடம்பு பலம்தான் காரணம் என்றால் ஸ்நூக்கரில் ஆண் பெண் இடைவெளி பூலைவிடக் குறைவாக இருந்திருக்க வேண்டும். நடப்பது தலைகீழ். 2021 முதல் உலக மகளிர் ஸ்நூக்கரின் முன்னணியினருக்குத் தொழில்முறைச் சுற்றில் இரண்டு வருஷ இடம் கொடுக்கிறார்கள். ரியான் எவன்ஸ், ஹாங்காங்கின் இங் ஆன்-யீ, தாய்லாந்தின் நுச்சருட் எல்லோரும் போய் ஆடினார்கள், பெரும்பாலான ஆட்டங்களைத் தோற்றார்கள். இதில் நுச்சருட் 2019ல் பயிற்சி ஆட்டம் ஒன்றில் 147 அடித்தவர், அதாவது ஒரு ஃபிரேமில் எடுக்க முடிந்த முழு மதிப்பெண். கை தெரியாதவர் யாராலும் அதை அடிக்க முடியாது. டேபிள் 12 அடி நீளம், துணி கனமானது, அதனால் அங்கும் அடியில் பலம் வேண்டும் என்று சிலர் வாதாடுவார்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் பிரேக் இல்லாத ஆட்டத்தில் இடைவெளி அதிகமாகவும், பிரேக்கே பாதி ஆட்டமாக இருக்கிற ஆட்டத்தில் குறைவாகவும் இருப்பதை பலத்தை மட்டும் வைத்து விளக்க முடியாது. இந்த ஒரு விஷயம்தான் என்னை "உடம்பு வாகு" என்ற பேச்சிலிருந்து விலக வைத்தது.

நம் ஊர்ப் பக்கம் இந்தப் பேச்சு ஏன் இவ்வளவு எளிதாக எடுபடுகிறது என்பதற்கு ஒரு காரணம் எனக்குத் தெரியும், அது என் தொழில் சம்பந்தப்பட்டது. தொழில்முறைப் போட்டிகளில் போடுவது ரோமம் இல்லாமல் இழுத்து நெய்த, வழுவழுப்பான கம்பளி நைலான் கலந்த துணி. அதில் மெல்லத் தட்டினாலே வெள்ளைப் பந்து குஷனில் பட்டுத் திரும்பிப் போகவேண்டிய இடத்துக்குப் போய்விடும். நம் சென்டர்களில் பெரும்பாலும் விலை குறைந்த ரோமத்துணி. அதிலும் கடல் காற்று. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் மூன்றுக்கும் இரண்டு பக்கமும் கடல். வாடை அடிக்கிற கார்த்திகை மார்கழியில் அந்தத் துணி தண்ணீரை உறிஞ்சி ஊறிப்போய்க் கிடக்கும், பந்தின் மேல் பிசுபிசுப்பு ஏறியிருக்கும். நல்ல துணியில் டேபிளை நான்கு நீளம் ஓடுகிற அடி, இந்தத் துணியில் மூன்று நீளம் தேறாது. அடுத்த பந்துக்கு இடம் பிடிக்க ஒவ்வொரு அடியையும் ஓங்கி அடிக்க வேண்டியிருக்கும். ஓங்கி அடித்தால் குறி தவறும். இந்த மாதிரி டேபிளில் மெலிந்த கை உள்ள ஆட்டக்காரர் திணறுவார், 13 வயதுப் பிள்ளை கண்டிப்பாகத் திணறுவாள். பார்த்துக்கொண்டிருப்பவர் துணியின் குறையை எடுத்துப் பிள்ளையின் கையில் போட்டுவிடுகிறார். அதே பிள்ளையைச் சென்னையில் ஒரு நல்ல டேபிளில் ஆடவிட்டால் ஆட்டமே வேறாகத் தெரியும். எட்டு அடி டேபிளில் பழகியவர் ஒன்பது அடி டேபிளுக்குப் போனால் முதலில் கொஞ்சம் மிரளுவார் என்பதும் உண்மை, ஆனால் அந்த மிரட்சி எல்லோருக்கும் பொது.

உடம்பு மீதியை விளக்கவில்லை என்றால் எது விளக்கும்? என் பதில் எண்ணிக்கையும் நேரமும். கடலில் இரண்டு வலை போடுகிறோம். ஒன்றில் ஆயிரம் மீன் ஏறுகிறது, இன்னொன்றில் ஐம்பது. மீன் எல்லாம் ஒரே இனம்தான். ஆனாலும் இருக்கிற மீனிலேயே பெரிய மீன் ஆயிரம் ஏறிய வலையில்தான் இருக்கும், பெரும்பாலும். உச்சத்தில் இருப்பவர்களை மட்டும் ஒப்பிடும்போது மொத்தம் எத்தனை பேர் ஆட வந்தார்கள் என்பது இவ்வளவு பெரிய வேலை செய்கிறது. சதுரங்கத்தில் இதைக் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் சதுரங்க ஆட்டக்காரர்களை வைத்து 2009ல் வந்த ஓர் ஆய்வு, முதல் 100 ஆண்களுக்கும் முதல் 100 பெண்களுக்கும் உள்ள இடைவெளியில் 96 சதவீதத்தை எண்ணிக்கை வித்தியாசமே விளக்கிவிடுகிறது என்றது. இதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். கணக்குப் போட்ட முறை சரியில்லை என்று பின்னால் வேறு ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள், விவாதம் முடிந்துவிடவில்லை. யூதித் போல்கார் என்ற ஹங்கேரியப் பெண் சிறு வயதிலிருந்து முழுநேரமாகப் பழகி உலகத் தரவரிசையில் 8ஆம் இடம் வரை போனார், 2002ல் கஸ்பரோவை ஒரு விரைவு ஆட்டத்தில் வென்றார் என்பது மட்டும் யாராலும் மறுக்க முடியாதது.

பூலில் இப்படி யாரும் துல்லியமாக அளந்து வைக்கவில்லை, ஆகவே "இத்தனை சதவீதம்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஆனால் கண்ணால் பார்ப்பதைச் சொல்லலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது நம் கடற்கரைச் சென்டர்களுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். கடலுக்குப் போகாத பையன்கள் மத்தியானம் வந்தால் இரவு கடை அடைக்கும் வரை டேபிளை விடமாட்டார்கள். சும்மா பொழுதுபோக்காக ஆடுகிறவனுக்கே அந்த இரண்டு மாதத்தில் கை படிந்துவிடும். அதே தெருவில் அவன் வயதுப் பெண்கள் அந்த இரண்டு மாதத்தில் ஒரு மணி நேரமாவது டேபிள் பக்கம் நின்றிருப்பார்களா? பாசி எடுக்கக் கடலுக்குள் மூச்சடக்கி முங்குகிற பெண்கள் இருக்கிற கடற்கரை இது. கைக்கு பலம் இல்லாத குறையோ, பிடிவாதம் இல்லாத குறையோ இங்கே கிடையாது. சென்டருக்குள் நுழைய முடியாததுதான் குறை. வாசலில் சிகரெட், உள்ளே கெட்ட வார்த்தை, ஏழு மணிக்கு மேல் வந்தால் ஊர்ப்பேச்சு. இந்தப் பிள்ளை வருவதே மாமா கூட வருவதால்தான் என்பதைக் கேள்வியைப் படிக்கும்போதே கவனித்தேன்.

உலக அளவில் மேலே வந்த பெண்களின் கதையிலும் இதே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. பலூகஸின் குடும்பத்துக்கு புரூக்ளினில் சொந்தமாகப் பூல் ஹால் இருந்தது. ஊஷன் பெற்றோர் நடத்திய ஹாலில் வளர்ந்தவர், தம்பி ஆல்பின் இரண்டு முறை உலக நைன்பால் சாம்பியன். நுச்சருட்டின் அம்மா ஒரு ஸ்நூக்கர் கிளப்பில் காசாளராக வேலை பார்த்தார், பிள்ளை அங்கே வந்து பழகினாள். வீட்டு ஆள் உள்ளே இருந்ததால் கதவு திறந்திருந்தது. நம் மாநிலத்திலும் கேரமைப் பாருங்கள். 2008ல் உலக சாம்பியனான இளவழகி வியாசர்பாடிப் பெண். 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமாவும் வடசென்னைதான். வசதியான குடும்பங்கள் இல்லை. ஆனால் தெருவிலேயே போர்டு இருந்தது, சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது, பெண் பிள்ளை வந்து உட்கார்ந்தால் யாரும் ஏன் என்று கேட்காத இடமாக இருந்தது.

பணத்தையும் சொல்லியாக வேண்டும். 2003 வாக்கில் பிரிட்டனில் மகளிர் ஸ்நூக்கருக்கு ஆதரவு வற்றியபோது உலக சாம்பியனான கெல்லி ஃபிஷர் அமெரிக்காவுக்குப் போய்ப் பூல் ஆட வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே 1995ல் அலிசன் ஃபிஷர் அப்படிப் போனவர்தான். போன இடத்தில் உலக நைன்பால் பட்டத்தை நான்கு முறை வாங்கினார். ஆட்டத்தை விட்டே போனவர்கள் எத்தனை பேரோ. பெண்களுக்குத் தனிச் சுற்று வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அது இல்லாவிட்டால் பலருக்கு வாழ்வாதாரமே கிடையாது. அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. 840ல் ஆடுகிற ஆணுக்கு வருஷம் முழுக்க எதிரே நிற்பவர்கள் 820, 830. ஒரு சின்னத் தவறு செய்தால் ராக் போய்விடும் என்ற நெருக்கடியில் தினமும் ஆடுகிறார். 800ல் நிற்கும் பெண் தன் சுற்றில் பெரும்பாலும் தன்னைவிடக் கீழே உள்ளவர்களோடு ஆடுகிறார், சிறு தவறுகளுக்குத் தண்டனை கிடைப்பதில்லை. 1994ல் நடந்த முதல் மாஸ்கோனி கோப்பையில் அமெரிக்கா, ஐரோப்பா இரண்டு அணியிலும் பெண்கள் இருந்தார்கள், ஜெனெட் லீயும் அலிசன் ஃபிஷரும் ஆடினார்கள். அந்தப் பழக்கம் தொடர்ந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொரு வாதமும் வரும், கேள்விப்பட்டிருப்பீர்கள். கோணம் பார்க்கிற மூளைத் திறன் ஆண்களுக்கு அதிகம் என்பது அது. ஓர் உருவத்தை மனதுக்குள்ளேயே திருப்பிப் பார்க்கிற சோதனைகளில் ஆண்களின் சராசரி கொஞ்சம் மேலே வருகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சோதனைத் தாளுக்கும் பூல் டேபிளுக்கும் நடுவில் யாரும் பாலம் கட்டிக் காட்டவில்லை. டேபிளில் கோணம் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. ஆயிரக்கணக்கான முறை அடித்துக் கண்ணில் படிந்துபோன ஒன்று அது. இதைச் சந்தேகப் பட்டியலிலேயே வைத்துவிடுங்கள்.

ஆக, நான் நம்புவது இது: பிரேக்கில் ஒரு பகுதி உடம்பு, அதைப் பழக்கத்தால் பெருமளவு ஈடுகட்டலாம். மீதி பெரும்பகுதி, எத்தனை பெண்கள் எத்தனை வயதில் எத்தனை மணி நேரம் டேபிள் முன்னால் நிற்க முடிகிறது என்பதில் இருக்கிறது. அந்த மீதி சரியானால் 50 புள்ளி முழுக்க மறையுமா, பத்து இருபது நிற்குமா என்பதற்கு இன்று யாரிடமும் நிரூபணம் கிடையாது. அதை நிரூபிக்கிற அளவுக்குப் பெண்களை இன்னும் ஆடவிடவில்லை.

இனி அந்தப் பிள்ளைக்கு. பிரேக்கை ஓங்கி அடிக்கப் பழக்காதீர்கள். முதல் பந்தின் நடு முகத்தில் முழுசாகப் படவேண்டும், வெள்ளைப் பந்து டேபிள் நடுவில் வந்து நிற்கவேண்டும், இந்த இரண்டும் பத்துக்கு எட்டு முறை வந்த பிறகு வேகத்தைக் கூட்டினால் போதும். ராக் நன்றாக இறுக்கமாக இருந்தால் மிதமான வேகத்திலேயே ஓரத்துப் பந்து மூலைப் பாக்கெட்டுக்குப் போகும். பெரிய தொழில்முறைப் போட்டிகளில் இந்த மெது பிரேக்கைக் கட்டுப்படுத்த ஒன்பதாம் பந்தை டேபிளில் குறித்திருக்கும் புள்ளியில் வைக்கச் சொல்கிறார்கள், பிரேக் அடிக்கிற இடத்தையும் குறுக்கிவிட்டார்கள். ஆகவே இரண்டு விதமாகவும் ராக் போட்டுப் பழகட்டும். சென்டரில் கிடக்கிற கனமான கியூ (ஆடுகிற கோல்) அவளுக்கு வேண்டாம், 18 அல்லது 19 அவுன்ஸில் நேரான கியூ ஒன்று சொந்தமாக வாங்கிக்கொடுங்கள். ரெஸ்ட் வைத்து ஆடுவதை வெட்கமாக நினைக்காமல் தினமும் கொஞ்ச நேரம் பழகட்டும். வாரத்தில் ஒரு நாள் ஸ்ட்ரெயிட் பூல் ஆடி, ஒரே தொடரில் எத்தனை பந்து போட்டாள் என்று எழுதி வையுங்கள்.

சென்டர்காரரிடம் பேசி, கூட்டம் வருவதற்கு முந்தின காலை நேரம் ஒன்றைப் பெண் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். டேபிள் சும்மா கிடக்கிற நேரம்தான், அவருக்கு நஷ்டம் வராது. துணியை மூடி வைக்க ஒரு நல்ல உறையும், ஆடுவதற்கு முன்னால் பந்துகளைத் துடைக்கிற பழக்கமும் இருந்தாலே டேபிள் பாதி தேறிவிடும். தேசியப் போட்டிகளில் பெண்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. தமிழ்நாடு பில்லியர்ட்ஸ் ஸ்நூக்கர் சங்கம் சென்னையில் இருக்கிறது, மாநிலப் போட்டி எப்போது என்று அங்கே கேளுங்கள். ராத்திரி சேது எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னை. சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் 2025 நவம்பரில் தோஹாவில் இங் ஆன்-யீயை 3-2 என்று வென்று உலக ஸ்நூக்கர் பட்டம் வாங்கினார், அந்த ஆட்டத்தை அவளுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

யார் எந்த லெவல் என்று பிறர் சொல்வதைக் கேட்காமல் அவளே அளந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஆட்டக்காரர்கள் இதை கோஸ்ட் ஆட்டம் என்பார்கள். ஒன்பது பந்தையும் பிரேக் அடித்துக் கலைத்துவிட்டு, வெள்ளைப் பந்தை விரும்பிய இடத்தில் வைத்துக்கொண்டு, ஒன்று முதல் ஒன்பது வரை தவறாமல் போட வேண்டும். போட்டால் அவளுக்கு ஒரு ராக். ஒரு பந்து தவறினாலும் எதிரே நிற்கிற பேய்க்கு அந்த ராக். ஒன்பது பந்து கடினமாக இருந்தால் ஐந்து பந்தில் ஆரம்பிக்கலாம். 800ல் ஆடுகிறவர்கள் ஒன்பது பந்து கோஸ்ட்டைச் சாதாரணமாக ஜெயிப்பார்கள். இப்போது ஐந்து பந்தில் பத்து ராக்குக்கு எத்தனை எடுக்கிறாள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். மூன்று மாதம் கழித்து அந்த எண்களை இங்கேயே எழுதுங்கள். எந்தப் பந்தில் அதிகம் தவறுகிறாள் என்று தெரிந்தால் அடுத்து எதைப் பழக வேண்டும் என்று சொல்கிறேன்.